சூளைக் குதிரைக்கு வைத்தியம்



உத்தரப் பிரதேசத்தில் மீரட், முசாபர்நகர் பக்கம் செங்கல் சூளைகள் நிறைய உண்டு. பச்சைக் கற்களைச் சூளைக்கு இழுத்து வருபவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான். மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கும். அடுத்த மழை வரும்வரை நடக்கும். வண்டிக்காரர்களில் பலர் குடும்பத்தோடு சூளையிலேயே தங்குவார்கள். முதலாளியிடம் முன்பணமும் வாங்கியிருப்பார்கள்.

குதிரை படுத்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் கூலி நிற்கும். கடன் மட்டும் நிற்காது.

இந்தக் குதிரைகளுக்காகச் சூளைக்கே வரும் மருத்துவர் குழுக்கள் உண்டு. இந்தப் பணிக்கு ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப் போரில் உழைத்த குதிரைகள் பல, எகிப்தில் கெய்ரோ நகரத் தெருக்களில் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்தன. டோரதி புரூக் என்ற பெண்மணி அதைக் கண்டு மனம் வருந்தினார். 1934இல் அவற்றுக்காக அங்கே மருத்துவமனை தொடங்கினார். அவர் பெயரில் அமைந்த 'புரூக்' நிறுவனம் 1992 முதல் இந்தியாவிலும் பணி செய்கிறது.

குழுவினர் என்ன செய்கிறார்கள்?

ஒரு குதிரைக்குத் திடீரென்று வயிற்று வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தீனி தின்னவில்லை. முன்காலால் தரையைப் பறிக்கிறது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறது. கீழே விழுந்து புரள்கிறது.

"வயிற்றில் சூடு போடு" என்கிறார் ஒருவர். "வாயில் எண்ணெய் ஊற்று" என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. சூடு போட்டால் புண்தான் மிஞ்சும். வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் குதிரை இறந்துவிடும்.

மருத்துவர் வந்ததும் தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்க்கிறார். ஓய்வாக நிற்கும் நல்ல குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். 60க்கு மேல் போனால் ஆபத்து. பிறகு வயிற்றில் குழல் வைத்துக் குடல் சத்தம் கேட்கிறார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை நிறைந்து உப்பினால் வெடித்துவிடலாம். அதனால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வாயுவையும் நீரையும் வெளியேற்றுகிறார். வலிக்கு ஊசி போடுகிறார். நேரத்தோடு அழைத்தால் பல குதிரைகள் பிழைக்கும்.

ஆனால் மருத்துவர் தினமும் வரமாட்டார். தினமும் குதிரையோடு இருப்பவர் வண்டிக்காரர்தான். ஆகவே குழுவினர் அவருக்குச் சொல்லித் தருவதே பெரிய வேலை:

வெயில் காலத்தில் அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். வேலை செய்யும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர்கூடத் தேவைப்படும்.

மண் கலந்த தீனி கூடாது. தீனியைத் திடீரென்று மாற்றக் கூடாது.

தினமும் குளம்பைத் தூக்கிக் கல், ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும்.

புண்ணில் பழைய என்ஜின் எண்ணெய் தடவக் கூடாது. உப்பு கலந்த சுத்தமான நீரால் கழுவ வேண்டும். ஆணி குத்தினால் தசை இறுகிச் சாகும் டெட்டனஸ் நோய் வரும். முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும்.

கிளாண்டர்ஸ் என்றொரு நோய் உண்டு. மூக்கில் சளி ஒழுகும். தோலில் கட்டிகள் வந்து உடையும். இது மனிதருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி இல்லை. சந்தேகம் வந்தால் குதிரையைத் தனியே கட்டி, உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

சில கிராமங்களில் குதிரை வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். மாதாமாதம் பணம் சேர்க்கிறார்கள். தீனியை மொத்தமாக வாங்குகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் தடுப்பூசி போட்ட தேதியை நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த ஊசி தவறாது.

2012 கணக்கெடுப்பில் நம் நாட்டில் 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகள் இருந்தன. 2019இல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்தான். நாட்டில் குதிரை குறையலாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இருப்பது ஒரே குதிரை.

பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். குதிரை வாய் திறந்து வலியைச் சொல்லாது. பார்த்துத் தெரிந்துகொள்வது மனிதர் பொறுப்பு.