அலர் வேறு, உரிமை வேறு

(கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற கூட்டத்தின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "பிரித்தானிய அரசகுடியின் உட்பூசலை அந்நாட்டு இதழ்கள் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அண்ணனும் தம்பியும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பது முதல், மருமகளிர் இருவருள் யார் யாரை அழவைத்தார் என்பது வரை, எதுவும் மறைக்கப்படுவதில்லை. மன்னன் மனையையே இவ்வாறு திறந்து காட்டும் நாட்டைவிட எழுத்துரிமை மிக்க நாடு வேறு உண்டோ?" என்று வினவினார். நேரம் கடந்துவிட்டமையால் அன்று விடையிறுக்க இயலவில்லை. இன்றைய என் உரை முழுவதும் அவ்வொரு வினாவுக்கு விடையே.

என் விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். மன்னனின் அடுக்களையைத் திறந்து காட்டுவோர் அவன் கருவூலத்தையும் திறந்து காட்டுகின்றனரா என்று பாருங்கள். அதன் பின்னர் அந்நாட்டின் எழுத்துரிமையை அளவிடுங்கள்.

நம் முன்னோர் ஊர்ப்பேச்சை இரு வகையாகப் பகுத்தனர். வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது அம்பல். ஊரறிய வெளிப்படப் பேசுவது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர். வள்ளுவப் பெருந்தகை 'அலரறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதனை எங்கே வைத்தார்? காமத்துப்பாலில் வைத்தார். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்பு வேந்தனுக்கு வேண்டும் என்ற கருத்தை எங்கே வைத்தார்? பொருட்பாலில், அரசியலில், இறைமாட்சியில் வைத்தார். இருவர்தம் உறவைப் பற்றிய ஊர்ப்பேச்சு ஓரிடம். ஆள்வோனைப் பார்த்துச் சொல்லும் இடித்துரை மற்றோரிடம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே இற்றைத் தாளிகை உலகின் பெருங்குழப்பம்.

முதற்கண் 1936-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு சனவரியில் எட்டாம் எட்வர்டு பிரித்தானிய மன்னரானார். அமெரிக்கப் பெண்மணியாகிய வாலிசு சிம்சனை அவர் மணக்க விரும்பினார். அவ்வம்மையார் முன்னரே ஒருமுறை மணமுறிவு பெற்றவர். அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இப்சுவிச்சு நகர முறைமன்றத்தில் இரண்டாம் முறையும் மணமுறிவுத் தீர்ப்புப் பெற்றார். அமெரிக்க இதழ்கள் இதனைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. பிரித்தானிய இதழ்களோ மணமுறிவைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, அதற்கும் மன்னருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வாய்திறக்கவில்லை. கரணியம் என்ன? மன்னரே பீவர்புரூக்கு பெருமகனை அழைத்துப் பேசினார். தாளிகை முதலாளிகள் தமக்குள் உடன்பட்டு வாய்மூடினர். அவர்களைத் தடுத்த சட்டம் ஒன்றுமில்லை. கடல் கடந்து வந்த அமெரிக்க இதழ்களின் பக்கங்களும் வெட்டி நீக்கப்பட்ட பின்னரே படிப்பவர் கைக்குச் சென்றன.

திசம்பர் முதல் நாள் பிராடுபோர்டுப் பேராயர் மன்னரைப் பற்றி ஓர் உரையில் சில சொற்கள் சொன்னார். மறுநாள் யார்க்சயர் இதழொன்று அதனை எடுத்து எழுதியது. திசம்பர் 3-இல் நாடு முழுதும் செய்தி பரவியது. திசம்பர் 10-இல் மன்னர் முடிதுறப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். தம் மன்னர் முடிதுறக்கும் அளவுக்கு வந்த ஓர் அரசியல் நெருக்கடியை எண்ணிப் பார்க்கக் குடிமக்களுக்குக் கிடைத்தது ஒரு கிழமைக்குச் சற்று மிகுந்த காலமே. அதற்கு முந்திய திங்கள்களில் மேட்டுக்குடி விருந்துகளில் அம்பல் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. அறிந்தவர் சிலர், அறியாதவர் கோடிக்கணக்கானோர்.

"அது பழங்காலம், இன்று அந்த வாய்ப்பூட்டு உடைந்துவிட்டதே" என்பீர்கள். உடைந்தது உண்மை. அம்பல் அலராயிற்று. ஆனால் அலர் எதனை ஈன்றது?

1995 நவம்பரில் இளவரசி தயானாவின் நேர்காணலைப் பி.பி.சி. ஒளிபரப்பியது. பிரித்தானியாவில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பார்த்தனர். தம் மணவாழ்வின் துயரை அவ்வம்மையார் தம் வாயாலேயே சொன்னார். அந்நேர்காணலைப் பெறும் பொருட்டுச் செய்தியாளர் போலி வங்கிக் கணக்குத் தாள்களை உருவாக்கி, தயானாவின் உடன்பிறந்தாரிடம் காட்டி, அவர் நம்பிக்கையைப் பெற்றார் என்பது 2021 மே திங்களில் முன்னாள் நடுவர் தைசன் அளித்த அறிக்கையால் உறுதியாயிற்று. கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே உண்மை வெளிவந்தது. அதற்குள் அவ்வம்மையார் உயிரோடில்லை. 1997 ஆகத்து 31-ஆம் நாள், படம்பிடிப்போர் பின்தொடரப் பாரிசு நகரில் விரைந்து சென்ற உந்து மோதிச் செத்தார். அவ்வுந்தை ஓட்டியவரும் பின்தொடர்ந்த வண்டிகளை ஓட்டியவர்களும் காட்டிய கடும் பொறுப்பின்மையே சாவுக்குக் கரணியம் என 2008 ஏப்பிரலில் இலண்டன் சான்றாயர் குழு முடிவு கூறியது.

அலரின் அடுத்த ஈற்றைக் கேளுங்கள். 2005 நவம்பரில் இலண்டன் ஞாயிறு இதழொன்று, இளவரசர் வில்லியத்தின் முழங்காலில் அடிபட்டதாக ஒரு சிறு செய்தி வெளியிட்டது. முழங்கால் வலியில் நாட்டுக்கு என்ன நன்மை, என்ன தீமை? ஒன்றுமில்லை. ஆனால் மிகச் சிலரே அறிந்த செய்தி இதழுக்கு எப்படிப் போயிற்று என்று அரண்மனையார் ஐயுற்றனர். காவலர் ஆய்ந்தனர். தொலைபேசியில் பதிந்து வைக்கப்பட்ட சொற்களை இதழின் ஆட்கள் திருட்டுத்தனமாகக் கேட்டு வந்தது வெளிப்பட்டது. அவ்விதழின் அரசகுடிச் செய்தியாசிரியரும் அவருக்கு உதவிய துப்பாளரும் 2007 சனவரியில் சிறை சென்றனர்.

அன்று பலர், "மன்னர் வீட்டுச் செய்திதானே, போகட்டும்" என்றனர். இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். மன்னன் மனைச் சுவரைத் துளைக்கப் பழகிய கை, ஏழை வீட்டுச் சுவரைத் துளைக்க அஞ்சுமா? கடத்திக் கொல்லப்பட்ட 13 அகவைச் சிறுமி ஒருத்தியின் தொலைபேசிப் பதிவுகளையும் அதே இதழின் ஆட்கள் ஒட்டுக்கேட்டனர் என்ற செய்தி 2011 சூலையில் வெளியாயிற்று. நாடு கொதித்தது. 1843-இல் தொடங்கி 168 ஆண்டுகள் நடந்த அவ்விதழ் சூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டது. இளவரசர் ஆரி வேறோர் இதழ்க் குழுமத்தின்மேல் தொடுத்த வழக்கில், எடுத்து ஆயப்பட்ட 33 கட்டுரைகளுள் 15 முறைகேடான வழியில் திரட்டப்பட்டவை என 2023 திசம்பரில் நடுவர் தீர்ப்பளித்தார். 1,40,600 பவுண்டு இழப்பீடும் விதித்தார். 2025 சனவரியில் மற்றொரு பெருங்குழுமம் அவரிடமும், மறைந்த அவர் அன்னையின் தனிவாழ்வில் புகுந்தமைக்காகவும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன கருவூலத்துக்கு வருகின்றேன். இரு வகை மடல்களை உங்கள் முன் வைக்கின்றேன். எடைபோட்டுப் பாருங்கள்.

முதல் மடல், ஆரியின் மனைவியார் மேகன் தம் தந்தைக்கு எழுதியது. மகள் தந்தைக்கு எழுதியதில் நாட்டாட்சி ஒன்றுமில்லை. 2019 பிப்பிரவரியில் இலண்டன் ஞாயிறு இதழொன்று அதன் பெரும்பகுதிகளை அச்சிட்டு உலகுக்கே விற்றது. அது முறையன்று என முறைமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஊர் படித்து முடித்திருந்தது.

இரண்டாம் வகை மடல்கள், அன்று இளவரசராயிருந்த சார்லசு 2004, 2005-ஆம் ஆண்டுகளில் அமைச்சர்களுக்கு எழுதியவை. கால்நடை நோய், படையினரின் உலங்கூர்திக் குறைபாடு, மூலிகை மருந்துகள் எனப் பல பொருள்களைப் பற்றி அவர் அமைச்சர்களை வற்புறுத்தி எழுதியிருந்தார். மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் மக்களின் அமைச்சர்களுக்கு என்ன எழுதினார் என்று அறிவது குடிகளின் உரிமையன்றோ? கார்டியன் இதழாளர் ஒருவர் 2005-இல் அம்மடல்களைக் கேட்டார். அரசு மறுத்தது. தீர்ப்பாயம் தரச் சொல்லியும் அரசின் தலைமை வழக்கறிஞர் தடுத்தார். உச்ச முறைமன்றம் 2015 மார்ச்சில் அத்தடை செல்லாது என்ற பின்னரே, மே திங்களில் 27 மடல்கள் வெளிவந்தன. பத்து ஆண்டுப் போராட்டம்! அதற்குள் வேறொன்றும் நடந்துவிட்டது. மன்னரோடும் அவருக்கு அடுத்து முடிசூடும் இருவரோடும் நடைபெறும் மடற்போக்குவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தினின்று முற்றாக விலக்கி 2010-இலேயே திருத்தம் செய்துவிட்டனர். இன்று அத்தகைய மடல்களைக் கேட்டால் அந்தப் பத்தாண்டுப் போராட்டத்துக்கும் வழியில்லை.

இன்னுமொன்று. 2021-இல் மறைந்த பேரரசியின் கணவர் பிலிப்பின் உயில் 90 ஆண்டுகள் மூடப்பட்டிருத்தல் வேண்டும் என முறைமன்றம் ஆணையிட்டது. குடிமக்களின் உயில்கள் பொதுவாக யாரும் கேட்டுப் பார்க்கக் கூடியவை. அரசகுடியினர் உயில்களோ 1911 தொட்டு மூடி முத்திரையிடப்படுகின்றன. முப்பதுக்கு மேற்பட்ட உயில்கள் ஒரு பேழையில் உள்ளன. பிலிப்பின் உயிலைப் பற்றிய உசாவல் நடந்ததும் இதழாளர் இல்லாத பூட்டிய அறையிலேயே. அதனை எதிர்த்துக் கார்டியன் இதழ் செய்த மேன்முறையீடும் 2022-இல் தள்ளப்பட்டது.

தோழர்களே, 2023 சனவரியில் வெளிவந்த ஆரியின் தன்வரலாற்று நூலில், அண்ணன் தம்மைத் தள்ளியதாகவும், தாம் விழுந்தபோது நாயின் உணவுக்கலம் உடைந்ததாகவும் எழுதியுள்ளார். அக்கலம் உடைந்த கதையை உலகமே அறியும். அப்பேழைக்குள் இருப்பதை 90 ஆண்டுகளுக்கு ஒருவரும் அறியார்! உடைந்த கலத்துக்கு ஆயிரம் பக்கம். மூடிய பேழைக்கு ஒரு மூலை. இதுதான் அலரின் வேலை. கண்ணை ஓரிடத்தில் கட்டிப்போட்டால் கை எங்கே போகிறது என்று யாரும் பாரார்.

இதனால், "அப்படியாயின் இதழ்களின் வாயைக் கட்டிவிட வேண்டியதுதான்" என்று எவரேனும் முடிவுகட்டுவாராயின், அவர் என் உரையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர் ஆவார். தாய்லாந்து நாட்டைப் பாருங்கள். அங்கே மன்னரையும் அரசியையும் முடிக்குரியவரையும் இழித்துரைப்போர்க்குக் குற்றத்தொகுப்பின் 112-ஆம் பிரிவு, ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. அத்தகைய வேலிக்குள் இடித்துரையும் அலரும் ஒருங்கே அடங்கும்; அம்பல் மட்டும் எஞ்சும். பொய்யைத் தடுக்கப் போட்ட பூட்டு மெய்யையும் சேர்த்தே பூட்டிவிடும்.

மேலும், தொலைபேசி ஒட்டுக்கேட்பின் பெரும்பரப்பை வெளிக்கொணர்ந்தது யார்? அரசன்று, அதே கார்டியன் இதழே. 2009 முதல் அது விடாது எழுதியது. காவல்துறை "புதிதாய் ஒன்றுமில்லை" என்று கைவிரித்த பின்னரும் எழுதியது. மடல்களைக் கேட்டதும், பூட்டிய அறையைத் தட்டியதும் அவ்விதழே. நோயும் தாளிகையிலிருந்தே பிறந்தது. மருந்தும் தாளிகையிலிருந்தே பிறந்தது. நோய்க்கு அஞ்சி மருந்தையும் கொட்டிவிடுதல் அறிவுடைமை ஆகாது. திருட்டுக்கும் பொய்யாவணத்துக்கும் பொதுச் சட்டம் உண்டு; அது பாயட்டும். வினாவுக்கு வேலி வேண்டா.

எனவே, வினா விடுத்த அவ்விளைஞர்க்கும் உங்கள் அனைவர்க்கும் ஒரு சிறு அளவுகோலைத் தருகின்றேன். ஆள்வோரைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் மூன்று வினாக்கள் எழுப்புங்கள். இச்செய்தியால் என் வரிப்பணத்தைப் பற்றியோ என்னை ஆளும் முறையைப் பற்றியோ நான் ஏதேனும் அறிந்தேனா? இதனைச் சொன்னவன் சான்று காட்டுகின்றானா, அன்றி 'நெருங்கியோர் கூறினர்' என்று மறைந்துகொள்கின்றானா? இதே பக்கத்தில் அச்சேறாமற் போன செய்தி எது? முதலிரண்டு வினாக்களும் படிப்பவனை ஏமாறாமற் காக்கும். மூன்றாம் வினா அவனைக் குடிமகன் ஆக்கும்.

அரசன் வீட்டில் யார் அழுதார் என்று கேட்கும் உரிமை, ஊர்க்கிணற்றடியில் என்றும் இருந்ததே. அரசன் ஆணையால் யார் அழுதார் என்று கேட்கும் உரிமைக்காகவே மாந்தர் சிறை புகுந்தனர். முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைப் பெற்றுவிட்டதாக மயங்காதீர்கள்.