இடுப்பு வலியும் தலைவிதியும்

(கிராமப் படிப்பகம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் நாள்பட்ட இடுப்பு வலி, முதுகு வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி ஆகியவைகளைப் பற்றியதாகும். "சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுகிறவன் இடுப்பு வலியைப் பற்றிப் பேச வந்து விட்டானே, இவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் வைத்தியனல்ல. ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது. காலில் வெட்டுப்பட்டால் இரத்தம் தெரிகிறது. காய்ச்சல் வந்தால் கருவியை வைத்து எத்தனை டிகிரி என்று பார்த்து விடலாம். வலிக்கோ தராசும் இல்லை, படியும் இல்லை. படுகிறவனுக்கு மாத்திரம் தெரியும்; பக்கத்தில் இருப்பவன் நம்பினால் உண்டு, நம்பாவிட்டால் இல்லை. இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத சங்கதி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் மந்திரக்காரனும் ஜோசியனும் பாய் விரித்து உட்காருகிறார்கள். அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக் கொண்டால் என்ன செய்கிறார்கள்? பிறக்கும்போது கால் முன்வந்து பிறந்தவன் யாரென்று தேடிப் பிடித்து, அவனைக் கொண்டு இடுப்பில் மிதிக்கச் சொல்லுகிறார்கள். தோழர்களே! தாய் வயிற்றில் ஒரு பிள்ளை தலை திரும்பாமல் போனதற்கும், நாற்பது வருஷம் கழித்து அடுத்த வீட்டுக்காரன் இடுப்பு நிமிர்வதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? யாராவது யோசித்தது உண்டா? மிதித்தும் போகவில்லையென்றால் மந்திரித்த கயிறு. கயிற்றுக்கும் போகவில்லையென்றால் செய்வினை. செய்வினை எடுத்தும் போகவில்லையென்றால் சனி பார்க்கிறான். அதற்குப் பரிகாரம் செய்து கைப்பொருள் தீர்ந்த பிறகு, "முன் ஜென்மத்துக் கர்மம், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்கிறார்கள். கடைசியில் சொன்ன இதை முதலிலேயே சொல்லியிருந்தாலாவது பணம் மிஞ்சியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்திருக்கிறது. இவர்களில் நம் பஞ்சாங்கத்தைக் கண்ணால் கூடப் பார்த்திராதவர்களே அதிகம். சனி என்ற பேரையே கேள்விப்படாத தேசத்துக்காரன் இடுப்பையும் சனி பிடிக்கிறான் என்றால் அவனுக்கு எத்தனை கை இருக்க வேண்டும்!

சரி, உண்மையில் வலிப்பது என்ன? நம் முதுகுத் தண்டு ஒரே எலும்பல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. "ஜவ்வு விலகி விட்டது" என்று நீங்கள் சொல்லுவது இதைத்தான். இந்த வட்டின் ஓரம் பிதுங்கிப் பக்கத்தில் இருக்கும் நரம்பின் வேரை நெருக்கினால், பிட்டத்தில் தொடங்கித் தொடை வழியாகப் பாதம் வரைக்கும் சுரீரென்று இழுக்கிறது, மரத்துப் போகிறது. அந்த வழியில் ஓடும் நரம்பு விரல் பருமன் உள்ளது. உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதான். இந்த நோவு நரம்பிலிருந்து வருவது என்று 1764இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொத்துன்யோ என்பவர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே பல பேருக்குக் காரணம் என்பதை 1934இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் எடுத்துக் காட்டினார்கள். நாம் இன்னும் "வாய்வு காலுக்கு இறங்கி விட்டது" என்று சொல்லிக் கொண்டு பூண்டை வறுத்துத் தின்கிறோம். பூண்டு நல்ல பண்டந்தான். ஆனால் வயிற்றில் இருக்கும் காற்று காலுக்குப் போக வழி கிடையாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்பு வலிக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரலை வைத்துக் காட்டும்படியான காரணம் அகப்படுவதில்லை. காரணம் அகப்படவில்லை என்பதால் வலி பொய்யாகி விடாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில் நரம்புகளே கூச்சம் அதிகமாகி, சின்ன அசைவுக்கும் பெரிய அபாயம் வந்தது போலக் கூச்சல் போடப் பழகி விடுகின்றன. திருடன் போன பிறகும் குரைக்கிற நாயைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். தூக்கமின்மை, கடன் தொல்லை, வேலை போய் விடுமோ என்ற பயம் இவைகளும் அந்த வலியைப் பெருக்குகின்றன. இதைத் தெரிந்து கொள்ளாமல், வீட்டில் பெண் "இடுப்பு ஒடிகிறது" என்றால் "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்று மாமியாரும் சொல்லுகிறார், புருஷனும் சொல்லுகிறான். அவனுக்கு அதே வலி வந்தால் மாத்திரம் ஊரே ஓடி வர வேண்டும்!

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா, என் சொந்த மச்சானுக்கு மந்திரித்து மூன்றாம் நாள் வலி போயிற்றே, அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று கேட்பீர்கள். இது நல்ல கேள்வி. தாயத்து வியாபாரம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. உங்கள் மச்சான் எப்போது மந்திரக்காரனிடம் போனார்? வலி லேசாக இருந்தபோது போனாரா? இல்லை. எழுந்து உட்கார முடியாமல், உச்சத்துக்குப் போன அன்றைக்குத்தான் போனார். இந்த வலியின் சுபாவம் என்னவென்றால் கடலலை போல ஏறும், இறங்கும். உச்சத்துக்கு ஏறியது அடுத்தபடி பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். திடீரென்று வந்த இடுப்புப் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்து விடுகிறது. காலுக்கு இறங்கும் வலி கூட, பிதுங்கிய வட்டு சுருங்கச் சுருங்க, பலருக்குச் சில மாதங்களில் தணிகிறது. உச்சத்தில் போய்க் கயிறு கட்டிக் கொண்டு, இறங்கும்போது "கயிறு இறக்கியது" என்கிறோம். பொழுது விடியும் நேரம் பார்த்துக் கூவி விட்டு, "நான்தான் சூரியனைக் கொண்டு வந்தேன்" என்று சேவல் காணிக்கை கேட்டால் கொடுப்பீர்களா? போகாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எந்த மந்திரக்காரனாவது எழுதி வைத்திருக்கிறானா? அந்தக் கணக்கில்லாதபடியால்தான் அவன் பிழைப்பு நடக்கிறது.

இதே கேள்வியை நாம் டாக்டரிடத்திலும் கேட்க வேண்டும். மந்திரக்காரனை விட்டு விட்டு வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னதையெல்லாம் வேதவாக்காக நம்புவது பகுத்தறிவாகாது. அது சாமியை மாற்றிக் கும்பிடுவதுதான். டாக்டர்களும் நெடுங்காலம் "அசையாமல் படுத்துக் கிட" என்றே சொல்லி வந்தார்கள். பிறகு அவர்களிலேயே சிலர் சோதித்துப் பார்த்தார்கள். 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியாரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். 2 நாள் படுக்கச் சொன்னவர்கள் சராசரி 3.1 நாள் வேலைக்குப் போகவில்லை. 7 நாள்காரர்கள் 5.6 நாள் போகவில்லை. வலியிலோ வித்தியாசமில்லை. 1995இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரசபைத் தொழிலாளர் 186 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவைப் படுக்க வைத்தும், ஒரு பிரிவைத் தேகப்பயிற்சி செய்யச் சொல்லியும், மற்றொரு பிரிவை "வலி தாங்குகிற அளவுக்கு வழக்கம்போல் நடமாடு" என்று விட்டும் பார்த்தார்கள். வழக்கம்போல் நடமாடியவர்களே முந்திக் குணமடைந்தார்கள்; படுத்தவர்கள் பிந்தினார்கள்.

எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கும் சங்கதியும் அப்படியே. 1994இல் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்குப் படம் எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 100க்கு 52 பேருக்கு, ஏதாவதொரு வட்டு பிதுங்கியிருந்தது! வலியில்லாதவனுக்கும் பிதுங்கியிருக்கிறதென்றால், படத்தைக் காட்டி "பார், உன் முதுகு கெட்டு விட்டது" என்று பயமுறுத்துவது எவ்வளவு பெரிய அக்கிரமம்! இன்னும் சிலர் உடனே ஆபரேஷன் என்கிறார்கள். 2007இல் ஒல்லாந்தில் கடுமையான கால் நரம்பு வலிக்காரர்கள் 283 பேரை வைத்துப் பார்த்ததில், சீக்கிரம் ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது உண்மை. ஆனால் பொறுத்திருந்து, தேவைப்பட்டால் மாத்திரம் செய்து கொள்வது என்றிருந்தவர்களும், ஒரு வருஷ முடிவில் இவர்களும் ஒரே நிலைமையில் இருந்தார்கள். இருதரப்பிலும் 100க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். ஆபரேஷன் கூடாது என்பதல்ல இதன் அர்த்தம். யோசிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது என்பதே.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. இடுப்பில் பெல்ட் கட்டுவது, எடை கட்டி இழுப்பது, அபினி இனத்து மாத்திரைகள் இவைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லுவது, தேகப்பயிற்சி, மனக்கவலைக்கான சிகிச்சை, பிசியோதெரபிக்காரர் கையால் பிடித்து விடுவது, தேவைக்கு வீக்கம் தணிக்கும் வலி மாத்திரை இவைகளை வைத்துக் கொள்ளலாம் என்கிறது. நேற்று சொன்னதை இன்று சோதித்துப் பார்த்துத் தப்பு என்று மாற்றிக் கொள்ளுகிற யோக்கியதை வைத்தியத்துக்கு இருக்கிறது. பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு வரியாவது மாறியிருக்கிறதா?

ஆகவே வலிக்காரத் தோழர்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் பயத்தை விட வேண்டும். வலிக்கிறது என்பதாலேயே உள்ளே ஏதோ முறிகிறது என்று அர்த்தமல்ல. இன்று பத்து நிமிஷம் நடக்க முடிந்தால் பத்து நிமிஷம் நடப்பது. அடுத்த வாரம் பன்னிரண்டு. ஒரு நாள் நன்றாயிருக்கிறதென்று ஒரே மூச்சில் மூன்று மைல் நடந்து விட்டு மறுநாள் படுத்துக் கொள்ளுவதும், வலிக்கிறதென்று அடியோடு நின்று விடுவதும் இரண்டும் தப்பு. இன்ன பயிற்சிதான் என்ற ஐதீகம் இல்லை. விடாமல் செய்யக்கூடியது எதுவோ அது நல்லது. டாக்டர் கொடுத்து வரும் மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்தி விடாதீர்கள். எதற்காகக் கொடுக்கிறார், எத்தனை நாளைக்கு என்று அவரையே கேளுங்கள். கேட்டால் கோபித்துக் கொள்ளுகிறவர் டாக்டரல்ல, பூசாரி.

ஆனால் பொறுத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. தாய்மார்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் போகாமல் அடைத்துக் கொண்டாலும், தெரியாமலே போனாலும், மறைவிடமும் அதைச் சுற்றியும் மரத்துப் போனாலும், கால்கள் வலுவிழந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு ராத்திரி மந்திரித்துக் கொண்டு உட்கார்ந்தால் ஆயுள் முழுவதும் நடக்க முடியாமல் போகலாம். அதுபோலவே சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, படுத்தாலும் தீராத ராத்திரி வலி இவைகள் சேர்ந்திருந்தால் அது முதுகெலும்பில் வந்த காசநோயாக இருக்கலாம். பெற்றவர்கள் பாவத்தால் பிள்ளைக்குக் கூன் விழுந்ததாகச் சொல்லுவார்களே, அந்தக் கூன்களில் பல இதனால் வந்தவை. இங்கிலாந்தில் பெர்சிவல் பாட் என்ற வைத்தியர் 1779இலேயே இதை விவரித்தார். கிருமியை 1882இல் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். இதற்கு மாதக்கணக்கில் படுக்கையிலே கிடக்க வேண்டும், மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றிருந்த காலம் மாறியதற்கு நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், 6 மாதம் அல்லது 9 மாதம் மாத்திரை சாப்பிட்டு நடமாடிக் கொண்டிருந்தவர்களையும், மாத்திரையோடு பெரிய ஆபரேஷனும் செய்து கொண்டவர்களையும் பத்து வருஷம் கவனித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். நடமாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே குணமாகியிருந்தார்கள். அந்த மாத்திரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். தாயத்துக்குத்தான் பணம்!

"நடமாட்டம் நல்லதென்றால், விடிந்தது முதல் நாற்று நடுகிறவளுக்கு ஏன் இடுப்பு வலிக்கிறது?" என்று ஒரு தோழர் கேட்டு எழுதியனுப்பியிருக்கிறார். நடப்பது வேறு, நாள் முழுவதும் ஒரே நிலையில் குனிந்து நிற்பது வேறு. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கூலிக்காரர்களுக்குக் கைப்பிடி குட்டையான களைக்கொட்டைக் கொடுத்து நாள் முழுவதும் குனிய வைத்தார்கள். நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்து விடும். பயிர் நன்றாக வர அதுதான் வேண்டும் என்று பண்ணையார்கள் சாதித்தார்கள். தொழிலாளிகள் வழக்காடினார்கள், டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள், 1975இல் அந்தக் களைக்கொட்டு தடை செய்யப்பட்டது. நீண்ட பிடி போட்ட களைக்கொட்டு வந்தது, பயிரும் வந்தது. அவர்கள் முதுகு வலிக்குக் காரணம் கர்மமா, கைப்பிடியா?

இங்கே தெருக் கூட்டுகிறவர்கள் கையில் இருக்கும் குட்டைத் துடைப்பத்தைப் பாருங்கள். அவர்கள் என்ன சாதியாரென்றும் பாருங்கள். ஒரு மூங்கில் கழியைக் கட்டி விட என்ன செலவு? பஞ்சாயத்தில் இருக்கும் நம் தோழர்கள் இந்த வாரமே இதைக் கேட்க வேண்டும். தூக்குகிற மூட்டைக்கும் ஒரு வரம்பு வேண்டுமென்று 1967இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் பேசி, ஆண்பிள்ளைக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாது, பெண்ணுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். உங்கள் ஊர்க் கிடங்கில் மூட்டை என்ன எடை என்று மூட்டை தூக்கும் தோழர்கள் நிறுத்துப் பார்க்கட்டும்.

வீட்டுக்குள் சட்டம் வராது. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோவுக்குக் குறையாது. பத்து நடை என்றால் 150 கிலோ. பிள்ளை பெற்று மாதமாகாத பெண்ணும் அதை இடுப்பில் வைத்துத்தான் கொண்டு வருகிறாள். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைத் தோழர்களே! நாளைக் காலையில் குழாயடிக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் போகப் போகிறீர்கள்? கை தூக்குங்கள், பார்க்கலாம்.