பகல் மின்சாரம் பாழாவதா?



2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இலங்கை மின்சார சபை விடுத்த வேண்டுகோளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கூரைமீது சூரிய மின்தகடு பொருத்தியோர் ஏப்பிரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்குமாறு சபை கேட்டது. தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன; வெயிலோ கொளுத்தியது; கொள்வாரில்லா மின்சாரம் மின்வலையமைப்பையே குலைத்துவிடும் என்ற அச்சம். அவ்வச்சம் வீணன்று. அவ்வாண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிறு பட்டப்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் இழந்ததைக் கண்டோம்.

ஆனால், அதே பகலில் நம் வீதிகளில் ஓடிய வண்டிகள் எதனால் ஓடின? கப்பலில் வந்த எண்ணெயால்! கூரையில் விளைவதை நிறுத்திவிட்டுக் கடல் கடந்து வருவதை எரிக்கும் விந்தையை என்னென்பது? 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிற்று. அதன் பொருளை, இயந்திரத்தால் நீரிறைக்கும் வெங்காயத் தோட்டக்காரர் நம்மிலும் நன்கு உரைப்பார்.

“மின்சாரக் கார் செல்வர்க்குரியது, உழவனுக்கு அதனால் என்ன?” என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானது. நாம் கருதுவது சந்தைக்கு மரக்கறி ஏற்றும் முச்சக்கர வண்டியை. 5 கிலோவாற்றுத் தகடுகளுக்கு ஏறத்தாழ 300 சதுர அடிக் கூரை போதும். நல்ல வெயில் நாளில் அவை 20 அலகு மின்சாரம் தரும். மின்சார முச்சக்கர வண்டி ஓர் அலகில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் ஓடும். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சென்று மூன்றுமுறை மீளும் தூரம் அது!

மாரியில் விளைவு குறையும். இரவில் இல்லவே இல்லை. ஆதலால் நிலையம் வலையமைப்போடு இணைந்திருத்தல் வேண்டும். வண்டிகளுக்குப் பகலிலேயே மின்னேற்றுதல் வேண்டும். ஆசிரியர், மருத்துவர், எழுதுவினைஞர் வண்டிகள் காலை முதல் மாலை வரை கந்தோர் முற்றத்தில் சும்மா நிற்கின்றனவே! ஆனால், நெடுங்காலமாக வகுக்கப்பட்டுவந்த நேரவாரிக் கட்டணத்தில் இரவு 10.30 க்குப் பிற்பட்ட நேரமே மலிவாயிருந்தது. இரவில் மின்சாரம் தேங்கிய காலத்துக்கு அது பொருந்தியது. இன்று தேங்குவது நண்பகலில். நண்பகல் விலையைத் தாழ்த்துக என்பது நம் முதற் கோரிக்கை.

மற்றது சட்டம் பற்றியது. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், அனுமதிப்பத்திரமோ விலக்களிப்போ இன்றி மின்சாரம் வழங்கலாகாது என்றது. பின்னர் 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுப்பாடே வேண்டாமென நாம் வாதிடவில்லை. உயிர் குடிக்கவல்ல பண்டம் அது. ஆயினும் பெருங் கம்பனிக்குரிய படிவத்தையும் அலைச்சலையும் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் தலையிலும் சுமத்தினால், கம்பனி மட்டுமே கடை திறக்கும். சங்கங்களுக்கு எளிய விலக்களிப்பு வேண்டும்.

உங்கள் சங்கப் பண்டகசாலைக் கூரையை அளந்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். விண்ணப்பங்களை நாமே எழுதித் தருவோம். அதற்குக் கட்டணம் இல்லை.