எழுத்து ஏன் மங்குகிறது?



வளர்கல்வி மையத்துக்கு வரும் சிலர் பாதியில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். "நாற்பது தாண்டியாச்சு. எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது. இனிமேல் நமக்குப் படிப்பு ஏறாது" என்கிறார்கள். இதில் கண்ணின் சங்கதியும் மூளையின் சங்கதியும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

நம் தீவுகளுக்குக் கிழக்கே, அந்தமான் கடலின் அக்கரையில், மோக்கன் என்ற கடலோடி மக்கள் இருக்கிறார்கள். மியான்மர், தாய்லாந்து நாட்டுத் தீவுகளில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வெறுங்கண்ணோடு கடலில் மூழ்கிச் சிப்பி பொறுக்குவார்கள். நீங்களும் தண்ணீருக்குள் கண் திறந்து பார்த்திருப்பீர்கள். எல்லாம் மங்கல்தான். கண்ணின் முன்பக்கம் ஒளியை வளைத்து உள்ளே குவிக்கிறது. தண்ணீருக்குள் அந்த வேலை சரியாக நடப்பதில்லை.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அன்னா கிஸ்லென் அந்தப் பிள்ளைகளைச் சோதித்தார். 2003-இல் முடிவை வெளியிட்டார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட அவர்கள் தண்ணீருக்குள் இரண்டு மடங்கு நுட்பமாகப் பார்த்தார்கள். எப்படி? கண்ணின் நடுவே ஒளி நுழையும் பாவையை நன்றாகச் சுருக்கினார்கள். உள்ளே இருக்கும் லென்ஸையும் உப்ப வைத்தார்கள். பிறகு ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஒரு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். அவர்களும் கற்றுக்கொண்டார்கள்!

லென்ஸ் உப்புவதெல்லாம் இளம் வயதில்தான். வயது ஏற ஏற அது விறைத்துப் போகும். மோக்கனுக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். தூரத்துப் படகு நன்றாகத் தெரியும். கையில் உள்ள எழுத்து மங்கும். புத்தகத்தை எட்டப் பிடிப்போம். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவோம். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். சாளேஸ்வரம் என்றும் சொல்வதுண்டு.

மூளையின் கதை வேறு. கண்ணுக்குள் உள்ள திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது. செய்தி நரம்பு வழியே பிடரிப் பக்கத்து மூளைக்குப் போகிறது. 'இது க, இது ச' என்று கண்டு சொல்வது மூளைதான்.

லக்னோ நகருக்கு அருகே கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து கற்பித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். முப்பது வயதை ஒட்டியவர்கள். முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளும் பின்பக்கத்துப் பார்வைப் பகுதியும் முன்னைவிட நன்றாக ஒத்து வேலை செய்தன. ஆறே மாதத்தில் முதல் வகுப்புப் பிள்ளை அளவுக்குப் படித்தார்கள்.

ஆக, விறைப்பது லென்ஸ். அதற்குக் கண்ணாடி இருக்கிறது. தூரமும் சேர்ந்து மங்கினால் கண்ணில் புரையாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்ணாடி வாங்கப் போகும்போது இந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள்.