கல் இறக்குவதற்கு முன்



புது ஆலயம் கட்டலாம் என்று பேச்சு எழுந்ததும் நம் சபைகளில் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? இன்ஜினீயரைத்தான். வரைபடம் போட்டு, பிளக்ஸ் அடித்து வாசலில் கட்டிய பிறகு சபையைக் கூட்டுகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்களில் குருவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டாலும் சபையார் காணிக்கை கொடுப்பார்கள். ஆனால் ‘கமிட்டி கட்டுகிறது’ என்பார்கள். ‘நாங்கள் கட்டுகிறோம்’ என்று சொல்ல மாட்டார்கள்.

வேதாகமத்தில் நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் ஆகியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரவில் எழுந்து போய், இடிந்து கிடந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறார். பிறகுதான் ஜனங்களிடம் பேசுகிறார். வேலை நடந்தபோது பலரும் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். என் வீட்டுக்கு எதிரே இருக்கும் சுவரை நான் ஏனோதானோவென்று கட்டுவேனா?

பழைய ஆலயத்தை இடித்துவிட்டுக் கட்டுவதானால் இன்னொரு வேலையும் இருக்கிறது. எஸ்றாவின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில், அஸ்திபாரம் போட்ட நாளில் ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்களோ சத்தமாக அழுகிறார்கள். அந்த முதியவர்கள் இன்றும் நம் சபைகளில் இருக்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. நாம்தான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும்.

ஒரு கிராமத்தில் அப்படிப் போனபோது ஒரு பாட்டி கேட்டார்: “ஐயா, அந்தத் தூணு பக்கத்துலதான் எங்க வீட்டுக்காரர கிடத்தி அடக்க ஆராதன நடத்துனாவ. ஞாயித்துக்கிழம நான் அங்கனதான் உக்காருதேன். அத இடிச்சிட்டா நான் எங்க போவேன்?” அன்று நான் ஜெபம் மட்டும் செய்துவிட்டு வந்தேன். பிறகு கமிட்டியில் அதைப் பேசினோம். தூண்களின் கல்லை உடைத்து அஸ்திபாரத்தில் போடுவது என்றிருந்த திட்டத்தை மாற்றி, புது ஆலயத்தின் முன்மண்டபத்தில் அவற்றை முழுசாக நிறுத்தினோம். பழைய ஆலயத்தின் தேக்குக் கதவும் அப்படியே வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டிதான் பிறகு தெருத்தெருவாகப் போய்க் கைப்பிடி அரிசிக்கு ஆள் சேர்த்தார்.

கைப்பிடி அரிசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், நேயர்களே. சிலர் இதை மறந்தே போயிருப்பீர்கள். உலை வைக்கும்போது, அரிசியைக் களையுமுன் ஒரு பிடி எடுத்து ஒரு சின்னப் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிறன்று அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து சாக்கில் கொட்டுவார்கள். அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பொன்னியும் ரேஷன் அரிசியும் பச்சரிசியும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் பிரிக்க முடியாது. கலந்த அரிசிக்குக் கடையில் நல்ல விலை வராது. மாவு திரிக்கச் சபையாரே வாங்கிப் போவார்கள். கிடைக்கும் பணம் ஒரு லோடு மணலுக்குக்கூடப் போதாமல் போகலாம். ஆனால் தினமும் அடுப்படியில் ஒரு தாய் அந்த ஆலயத்தை நினைக்கிறாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை எதற்கு என்று கேட்கிறது, அவள் சொல்கிறாள். அஸ்திபாரக் கல் வைப்பதற்கு ஒரு வருஷம் முன்பே இதைத் தொடங்குங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

நேரம் ஓடுகிறது. பட்டா, மண் பரிசோதனை, கலெக்டர் அனுமதி ஆகியவற்றை உங்கள் இன்ஜினீயர் சொல்லுவார். நான் சொல்ல வேண்டியது வேறு. சேகரத் தேர்தலில் எதிரெதிரே நின்ற இரு அணியினரும் கட்டடக் கமிட்டியில் இருக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் ஆராதனையில் வாசியுங்கள். வாசிக்காத கணக்கு டீக்கடையில் வேறு கணக்காகிவிடும். சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போது, பணம் கேட்பதற்கு முன் அவர்கள் யோசனையைக் கேளுங்கள்.

கடன் வாங்கி ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம் 1847-இல் பிரதிஷ்டையானது. அதன் 192 அடிக் கோபுரம் 1868-இல்தான் முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கோபுரம் முடியாமலே அங்கே ஆராதனை நடந்திருக்கிறது.

இந்த வருஷம் கட்டத் தொடங்க நினைக்கும் சபைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் இருப்பவர்களிடம் போய்ப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன்.