காலமும் கேண்மையும்



செல்வம் மிக்காரும் உளர், வறியாரும் உளர். ஆயின் நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம் என்பது யாவர்க்கும் பொது. உறக்கமும் உழைப்பும் போக எஞ்சும் சிறுபொழுதைக் கொண்டே மனிதன் தன் உறவையும் நட்பையும் பேணியாக வேண்டும்.

குரங்கினங்களில் ஒன்றன் உரோமத்தை மற்றொன்று கோதிவிடுவதே நட்பின் அடையாளம். அதற்குப் பொழுது வேண்டும். ஆகவே அவற்றின் கூட்டம் ஓர் அளவுக்கு மேல் பெருகுவதில்லை. இதனை ஆராய்ந்த இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபின் டன்பார், மனிதன் உண்மையாகப் பேணத்தக்க தொடர்பு ஏறத்தாழ 150 பேரளவே என 1990களில் கூறினார். அவருள் நெஞ்சுக்கு மிக நெருங்கியோர் ஐவர் அளவினரே. உறவுக்கென ஒருவர் செலவிடும் பொழுதில் ஏறக்குறைய 40 விழுக்காடு அவர்களுக்கே செல்கிறது என்பதும் அவர் கண்டதாகும். 150 என்னும் எண்ணை ஏற்காத அறிஞரும் உளர். காலத்திற்கு வரம்புண்டு என்பதை மறுப்பார் இலர்.

நட்பு முதிர்வதற்கும் காலம் வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜெப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் நட்பாக மலர ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நட்பாகக் கனிய 200 மணி நேரத்திற்கு மேலும் உடனிருத்தல் வேண்டும்.

பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறிய 24 இங்கிலாந்து மாணவர்களின் தொலைபேசி அழைப்புகளை 18 மாதங்கள் கவனித்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. புதிய நண்பர் வந்தனர்; பழைய நண்பர் பலர் பின்தள்ளப்பட்டனர். ஆயினும் முதல்வருக்கு இவ்வளவு, அடுத்தவருக்கு இவ்வளவு என்று அவரவர் நேரத்தைப் பகிர்ந்த முறை பெரிதும் மாறவில்லை. ஒருவர் உள்ளே வர, மற்றொருவர் ஓசையின்றி விலகுகிறார். பகையும் இல்லை, பூசலும் இல்லை, கேண்மை மட்டும் தேய்ந்துவிடுகிறது.

தொடர்பு குன்றினால் நட்பு விரைவில் வாடும். இரத்த உறவோ சற்றே தாங்கி நிற்கும். தாங்கும் என்னும் துணிவினாலேயே பெற்றோரும் உடன்பிறந்தோரும் காத்திருக்க வைக்கப்படுகின்றனர். ‘நேரம் கிடைத்தால் வருகிறேன்’ என்று மகன் சொல்லும்போதே அந்நேரம் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடுகிறது. முதுமை அடைந்த பெற்றோருக்கோ காத்திருக்கும் காலமும் குறைவு.

எனவே, கைப்பேசியில் எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணுவதினும், சென்ற திங்களில் யாருடன் அமர்ந்து பேசினோம் என்று எண்ணிப் பார்த்தல் நன்று. விடுபட்ட பெயர் ஒன்று நினைவுக்கு வருமாயின், இன்றைய மாலைப் பொழுதில் ஒரு பங்கு அவருக்கு உரியதாகுக.