சூடு, புளி, எண்ணெய்: மூன்றையும் மறக்காதீங்க



நம்ம ஜூஜுவாடியில் சிப்காட் முதல் ஷிப்டுக்குப் போறவங்க நம்ம கடை இட்லியை நம்பித்தான் கிளம்புறாங்க. குழுக் கடன் வாங்கி டிபன் கடை நடத்துறவங்க இங்கே பல பேர். நானும் ஒரு இட்லிக் கடைக்காரிதான். அதனால் நம் வியாபாரத்தைப் பற்றியே பேசுகிறேன்.

2025 பிப்ரவரியில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 251 இடங்களில் இட்லியைச் சோதித்தது. 52 இடங்களில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்து அவித்திருந்தார்கள். இனி அது கூடாது என்று சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் அறிவித்தார். அத்திப்பள்ளி நமக்குக் கூப்பிடு தூரம். அது வேற மாநிலத்துக் கதைன்னு விட முடியுமா?

பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்ப்பது தாலேட். கெட்டியான சில வகைகளில் இருப்பது பிஸ்பீனால் ஏ. இவை உடம்பின் ஹார்மோன் வேலையைக் குழப்பக் கூடியவை. சூடு, புளி, எண்ணெய் பட்டால் அதிகமாகக் கசியும். நம்ம சாம்பாரில் மூணுமே இருக்கு! ஒருநாள் சாப்பிட்டா நோய் வந்துடும்னு நான் பயமுறுத்தல. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவதுதான் கவலை. அதிலும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கவனமாக இருக்கணும்.

பேப்பர் கப் நல்லதுன்னு நினைக்கிறோம். அதன் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான். 100 மில்லி சூடான நீரை அதில் 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு சொன்னது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளையும் இந்தக் கப்பையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதலே தடை செய்துவிட்டது.

"துணியைத் துவைக்கணும், தண்ணி ஏது?" என்று கேட்பீங்க. நியாயம்தான். துணி முடியாவிட்டால் தட்டில் எண்ணெய் தடவி ஊற்றலாம். பொட்டலத்துக்கு வாழை இலை இருக்கு. பெயிண்ட் வாளியைக் கழுவி மாவு கரைக்காதீங்க, எவர்சில்வர் பாத்திரம் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும்.

சாம்பார் கவர்தான் பெரிய சிக்கல். ஒரு கடை மட்டும் கவர் இல்லைன்னா வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவார். நஷ்டம் அந்த ஒருத்திக்கு. எல்லாக் கடையும் சேர்ந்து சொன்னால் அவர் எங்கே போவார்? தூக்குப் பாத்திரம் எடுத்துட்டு வருவார். தனியா முடியாததைச் சேர்ந்து செய்யத்தானே குழு ஆரம்பிச்சோம்?

அதனால் இரண்டு தீர்மானம் கேட்கிறேன். நம் உறுப்பினர் கடைகள் எல்லாம் ஒரே தேதியில் கவரை நிறுத்தணும். பாத்திரம் கொண்டு வருபவருக்கு இரண்டு ரூபாய் குறைக்கணும், கவர் வாங்கும் செலவு மிச்சமாகுதே! தூக்கு வாங்க முடியாத உறுப்பினருக்கு உள்கடன் தரலாம்.

கையை உயர்த்துங்க, பார்க்கலாம்.